வைத்தியர் கிறீன்

பெரியோர் வாழ்ந்த மனைகளைப் பேணிக் காத்தல் மேனாட்டார் வழக்கம். சீனப் போர்க்களத்திற் காயமுற்றோர்க்குப் பணிபுரிந்து 1939இல் அங்கேயே உயிர்நீத்த கனடிய வைத்தியர் நோர்மன் பெத்தூன் பிறந்த வீடு, ஒன்ராறியோ மாகாணத்திலே அரும்பொருளகமாக விளங்குகின்றது. அந்நாட்டிற் குடியேறிய நம் பழைய மாணவருட் சிலர் அதனைக் கண்டிருத்தலுங் கூடும். அவ்வாறு நாம் சென்று காண்பதற்கு வீடு எஞ்சாத வைத்தியர் ஒருவர் உளர். அவரே சாமுவேல் பிஸ்க் கிறீன்.

மிஷனரிமாரின் கல்விக்கு மாற்றாக எழுந்தவை நம் இந்துக் கல்லூரிகள். அத்தகைய கல்லூரியொன்றின் மலரிலே மிஷனரி ஒருவர்க்கு இடம் ஏது எனச் சிலர் வினவலாம். அவர் ஆற்றிய தமிழ்ப்பணியே அதற்கு விடை.

கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் வூஸ்ரர் நகரிலே பிறந்தார்; நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845இற் பட்டம் பெற்றார். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டே மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்தார். எம்மூராகிய மடத்துவெளியிலிருந்து அந்நாளில் ஆங்குச் செல்வதாயின் தோணியேறிக் கடல் கடத்தல் வேண்டும்.

மாணாக்கர்க்கு முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவங் கற்பித்தார். ஆங்கிலங் கற்றோர் உத்தியோகத்தை நாடினரேயன்றிக் கிராமத்தை நாடினரல்லர். ஆகவே, 1864 முதல் தமிழிலே கற்பிக்கலானார். மாணாக்கர் வேட்டியைக் களைந்து மேனாட்டுடை பூணுதலையும் அவர் விரும்பினாரல்லர்.

தமிழிற் கற்பிக்க நூல் வேண்டுமே! 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. இத்தொண்டில் அவர்தம் தமிழ் மாணாக்கர் பலரும் உடனுழைத்தனர். வடசொல் மிகுந்த அந்நடை இன்றைய மாணவர்க்குக் கடினமே. 'கெமிஸ்தம்' என்னும் பெயரைச் சொன்னால் எம் வகுப்பிற் சிரிப்பொலி எழுகின்றது. ஆயினும், உடலின் ஒவ்வொரு நரம்புக்கும் எலும்புக்கும் பெயர் தேடி உழைத்தவர்க்குக் கைகொடுக்க அந்நாளிற் கலைச்சொல்லகராதி ஏது? இரசாயனம் என நாம் இன்று எளிதிற் கூறுகின்றோம். அவர் காட்டினூடே வழி வெட்டினார்.

1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் எழுத்துப்பணி ஓய்ந்திலது. 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார்.

நாம் மானிப்பாய்க்குச் சென்று, அவர் பெயர் தாங்கிய கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையைக் கண்டோம். வூஸ்ரரில் அவர்தம் குடும்ப மாளிகை இன்று இல்லை. அந்நிலம் நகரத்தார்க்குரிய பூங்காவாயிற்று. ஆங்குள்ள அவர் கல்லறையில், தாம் தமிழர்க்கு மருத்துவத் தொண்டராயிருந்த செய்தியைப் பொறிக்குமாறு அவர் விரும்பினார். அவ்வாறே பொறித்துள்ளனர்.