விக்டர் ஹெஸ்

மண்ணில் நின்று விண்ணை ஆராய்ந்தோர் பலர். விண்ணிலே சென்று உண்மை கண்டு மீண்டவர் விக்டர் ஹெஸ். அவர் 1883ஆம் ஆண்டு ஆஸ்திரியா நாட்டில் பிறந்தார். தந்தையார் காடுகளைக் கண்காணிக்கும் பணியினர். ஹெஸ் கிராஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று 1906இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் வியன்னா நகரின் ரேடிய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார்.

அக்காலத்தில் அறிஞரை மயக்கிய புதிர் ஒன்று இருந்தது. மின்காட்டியில் ஏற்றிய மின்சாரம், எத்துணைக் காவல் செய்யினும், சிறிது சிறிதாகக் கசிந்துவிடும். நிலத்திலுள்ள ரேடியம் முதலியவை வீசும் காமாக் கதிர்களே அதற்குக் காரணம் என்று பலரும் கருதினர். அங்ஙனமாயின், மேலே செல்லச் செல்லக் கசிவு குறைதல் வேண்டும். 1910இல் தியோடர் உல்ஃப் என்பார் பாரிஸ் நகரத்து ஈபெல் கோபுரத்தின் உச்சியில் அளந்து பார்த்தார். கசிவு எதிர்பார்த்த அளவு குறையவில்லை.

இதனை முடிவாக அறிய ஹெஸ் உறுதி பூண்டார். கருவி பிழைபடின் முடிவும் பிழைபடுமன்றோ? உயரத்தில் காற்றழுத்தம் குறையும். கலத்தினுள் இருக்கும் காற்றும் அவ்வாறே குறையின் அளவு தவறும். ஆதலின், காற்றுப் புகாத உலோகக் கலங்களை அமைப்பித்தார். அவற்றுடன் பலூனில் பன்முறை ஏறினார். 1912 ஏப்ரல் 17 அன்று சூரிய கிரகணத்தின்போதும் ஏறினார். கதிரவன் மறைந்தும் கதிர் குறையவில்லை. எனவே அதன் பிறப்பிடம் கதிரவன் அன்று எனத் தெளிந்தார்.

அவ்வாண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் நீரகவாயு நிரம்பிய பலூனில் மூன்று கருவிகளோடு 5,350 மீட்டர் உயரம் சென்றார். அங்குக் குளிர் கொடிது. மூச்சுவிடக் காற்றும் அரிது. ஆயினும் அளத்தலை அவர் விடவில்லை. கதிரின் அளவு முதலிற் சற்றுக் குறைந்து, பின் ஏறி, உச்சியில் நிலத்திலிருந்ததைப்போல் இரு மடங்கினும் மிக்கது. கதிர்கள் விண்வெளியினின்றே வருகின்றன என்று துணிந்தார். அறிஞர் பலர் ஐயுற்றனர். மில்லிகன் என்ற அமெரிக்க அறிஞரும் ஐயுற்று, 1925இல் தம் ஆராய்ச்சியாலேயே தெளிந்து, அவற்றைக் காஸ்மிக் கதிர்கள் என அழைத்தார்.

ரேடியத்தால் நேர்ந்த புண் ஹெஸ்ஸின் கட்டைவிரல் ஒன்றைக் கவர்ந்தது. 1936இல் நோபெல் பரிசு ஆண்டர்சனோடு அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றி அவரைப் பதவியினின்று நீக்கினர். யூத மரபினராகிய மனைவியாருடன் அமெரிக்கா சென்று, ஆங்கே ஆசிரியராய் விளங்கி, 1964இல் மறைந்தார்.

விண்ணின் காமாக் கதிர்கள் காற்றிற் புகுங்கால் மெல்லிய நீலவொளி எழும். அதனைப் பெரிய ஆடிகளால் பற்றும் தொலைநோக்கிகள் 2004இல் நமீபியா நாட்டில் தொடங்கப்பெற்றன. அவற்றிற்கு ஹெஸ் என்பதே பெயர். கருவியைச் செம்மை செய்து, கண்டதை அஞ்சாது உரைப்பவரை உலகம் மறவாது.