மொரிட்டாவால் மறுக்க முடிந்தது

போர் முடிந்து ஊருக்குத் திரும்பிய பின்னர் எங்கள் பகுதியில் எத்தனையோ வாழ்வாதாரக் கூட்டங்கள் நடந்தன. கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்த வளவாளர்கள் பேசினார்கள். அவர்களில் அரைவாசிப் பேராவது யப்பானைப் பற்றிச் சொல்லாமல் பேச்சை முடித்ததில்லை. இரண்டு அணுகுண்டுகள் விழுந்த நாடு சாம்பலில் இருந்து எழுந்து நின்றது, நீங்களும் உழைத்தால் எழும்பலாம் என்பதுதான் அந்தக் கதையின் சாரம். தையல் மெசினுக்கும் கோழிக்குஞ்சுக்கும் பெயர் பதிய வந்திருந்த நாங்கள் தலையாட்டிவிட்டு வீடு திரும்புவோம்.

அந்தக் கதையில் தவறாமல் வரும் பெயர் சோனி. எனக்கு அந்தப் பெயர் சிறுவயதிலிருந்தே பழக்கம். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றறி கொண்டுவரத் தடை இருந்தது. மாமா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத் தனது சோனி ரேப் ரெக்கோடரைப் பாட வைப்பார். பெடலைக் கையால் சுற்றுவது சிறுவர்களான எங்கள் வேலை. கை களைத்தால் பாட்டும் களைத்து இழுபடும். 1995 இடப்பெயர்வில் அந்தப் பெட்டியும் கசற்றுகளும் வீட்டோடு போய்விட்டன.

அதனால்தான் அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருந்த அக்கியோ மொரிட்டா என்ற மனிதரின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன். கூட்டங்களில் எங்களுக்குச் சொல்லப்பட்ட கதையும் அவர் வாழ்ந்த வாழ்க்கையும் ஒன்றல்ல என்று வாசித்த பின்னர் விளங்கியது.

மொரிட்டா 1921 ஜனவரி 26ஆம் திகதி நகோயாவில் பிறந்தார். ஏழை வீட்டுப் பிள்ளை அல்ல. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அரிசி மதுவும் சோயா சோஸும் வடித்து விற்ற பெரிய குடும்பத்தின் மூத்த மகன். பிறந்த அன்றே அந்த வியாபாரத்தின் வாரிசு. தாயாருக்கு மேலைத்தேய இசையில் விருப்பம். வீட்டுக்கு மின்சார கிராமபோன் வந்தபோது, அதே இசைத்தட்டு இவ்வளவு தெளிவாகப் பாடுவதைக் கேட்டுச் சிறுவன் வியந்துபோனான். அதன் பிறகு பாடப் புத்தகத்தைவிட வானொலிப் பாகங்களில்தான் அவனுக்குக் கவனம்.

ஒசாகா பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்து 1944இல் வெளியேறி, கடற்படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டவை அதே கடற்படையின் விமானங்கள். அப்போது மொரிட்டா இன்னும் மாணவர். ஆனால் கடற்படையில் சேர்ந்த பின்னர், வெப்பத்தைத் தேடிச் சென்று தாக்கும் ஆயுதங்களை உருவாக்கும் ஆய்வுக் குழுவில் அவரும் இருந்தார். அங்கேதான் தன்னைவிடப் பதின்மூன்று வயது மூத்த பொறியியலாளரான மசாரு இபுகாவைச் சந்தித்தார். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது மொரிட்டாவுக்கு வயது 24. பௌதிகம் படித்தவர் என்பதால், விழுந்தது எத்தகைய குண்டு என்பது அவருக்கு விளங்கியது.

டோக்கியோவும் எரிந்துபோயிருந்தது. 1945 மார்ச்சில் ஒரே இரவில் நடந்த தீக்குண்டு வீச்சில் மட்டும் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் இறந்தார்கள். அந்த நகரத்தில், குண்டுவீச்சில் சேதமடைந்த ஷிரோக்கியா என்ற பெரிய கடைக்கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இபுகா ஒரு சிறிய வேலைத்தலத்தைத் திறந்தார். பழுதான வானொலிகளைத் திருத்திக் கொடுப்பதுதான் தொழில். அதைப் பற்றிப் பத்திரிகையில் வந்த ஒரு சிறு குறிப்பு மொரிட்டாவின் கண்ணில் பட்டது. பழைய நண்பரைத் தேடிப் போனார்.

1946 மே 7ஆம் திகதி இருவரும் சேர்ந்து நிறுவனத்தைப் பதிவுசெய்தார்கள். மூலதனம் 190,000 யென். வேலையாட்கள் ஏறத்தாழ இருபது பேர். மூத்த மகனைக் குடும்பத் தொழிலிலிருந்து விடுவிக்கும்படி கேட்க இருவரும் தகப்பனாரிடம் போனார்கள். அவர் விடுவித்தது மட்டுமல்ல, கடனும் கொடுத்தார். அடுத்த ஆண்டுகளில் கொம்பனி தடுமாறிய நேரங்களிலும் அவருடைய பணம் வந்தது. எங்கள் கூட்டங்களில் யாரும் சொல்லாத முதலாவது விடயம் இதுதான். சாம்பலில் இருந்து எழும்பிய அந்த மனிதருக்குக் கைகொடுக்க, எரியாமல் மிஞ்சிய ஒரு வீடு இருந்தது.

தொடக்கத்தில் தோல்விகள்தான். மரத் தொட்டியில் அலுமினியத் தகடு பொருத்தி மின்சாரத்தில் சோறு ஆக்கும் சாதனம் ஒன்றைச் செய்தார்கள். சோறு ஒருநாள் குழைந்தது, ஒருநாள் வேகவில்லை. பிறகு குடிபெயர்ந்த மரக் கொட்டிலில் கூரை ஒழுகியது. மழை நாட்களில் மேசைக்கு மேல் குடை விரித்து வைத்து வேலை செய்தார்கள். கூடாரத்தில் இருந்து பிள்ளைகளைப் படிப்பித்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

ஒலிப்பதிவுக் கருவி செய்ய இறங்கியபோது நாடாவுக்குப் பிளாஸ்ரிக் கிடைக்கவில்லை. கடதாசியைக் கீலமாக வெட்டினார்கள். காந்தத் தூளுக்கான இரசாயனத்தைத் தாச்சியில் வறுத்தெடுத்து, தூரிகையால் அந்தக் கடதாசியில் பூசினார்கள். 1950இல் கருவி விற்பனைக்கு வந்தது. பாரமானது, விலையும் அதிகம். எல்லோரும் பார்த்து வியந்தார்கள், வாங்க ஆளில்லை. நல்ல பொருளைச் செய்தால் மட்டும் போதாது, அது யாருக்குத் தேவை என்று கண்டுபிடிக்கவும் வேண்டும் என்பதை மொரிட்டா அப்போதுதான் படித்தார். சுருக்கெழுத்தாளர் பற்றாக்குறையால் நீதிமன்றங்கள் திணறுவதை அறிந்து அங்கே கொண்டுபோனார். பிறகு பாடசாலைகளுக்குக் கொண்டுபோனார். அன்றிலிருந்து இபுகா செய்வார், மொரிட்டா விற்பார் என்று வேலை பிரிந்தது.

இன்னொரு விடயமும் எங்களுக்குச் சொல்லப்படுவதில்லை. 1950இல் கொரியாவில் போர் தொடங்கியது. அந்தப் போருக்குத் தேவையான பொருட்களை அமெரிக்கா யப்பானில் பெருமளவில் வாங்கியது. யப்பானின் தொழிற்சாலைகள் மீண்டும் ஓடியதற்கு அயல்நாட்டின் அழிவும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் 1947இல் ரான்சிஸ்ரரைக் கண்டுபிடித்திருந்தது. அதைத் தயாரிக்கும் உரிமத்துக்கு 25,000 டொலர். அவ்வளவு அந்நியச் செலாவணியை வெளியே அனுப்ப யப்பான் அரசின் அனுமதி வேண்டும். ஒரு சிறிய கொம்பனியை நம்ப அதிகாரிகள் தயங்கினார்கள், அனுமதி இழுபட்டது. ஆனாலும் கடைசியில் கிடைத்தது. 1955இல் அவர்களுடைய முதலாவது ரான்சிஸ்ரர் வானொலி வெளிவந்தது. உலகில் முதலாவது அல்ல. அமெரிக்காவில் முந்திய ஆண்டே ஒன்று வந்துவிட்டது.

அந்த ஆண்டு நடந்த ஒரு சம்பவத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். மொரிட்டா மாதிரி வானொலியுடன் நியூயோர்க் போனார். புலோவா என்ற பெரிய கடிகாரக் கொம்பனி ஒரு இலட்சம் வானொலிகளுக்கு ஓடர் கொடுக்க முன்வந்தது. கொம்பனியின் மொத்த மூலதனத்தைவிடப் பல மடங்கு பெறுமதியான ஓடர். நிபந்தனை ஒன்றே ஒன்று. வானொலியில் புலோவாவின் பெயர்தான் இருக்க வேண்டும். டோக்கியோவில் இருந்தவர்கள் ஏற்கச் சொல்லித் தந்தி அடித்தார்கள். மொரிட்டா மறுத்தார். இன்று மற்றவர் பெயரில் விற்றால் என்றைக்கும் மற்றவர் பெயரில்தான் விற்க வேண்டிவரும் என்பது அவருடைய கணக்கு. தன் வாழ்க்கையில் எடுத்த மிகச் சிறந்த முடிவு அதுதான் என்று பின்னாளில் அவர் கருதினார்.

1958இல் கொம்பனியின் பெயரே சோனி என மாறியது. எந்த நாட்டவர் நாவிலும் இலகுவாக வரும் சிறிய பெயர். 1963இல் மொரிட்டா மனைவி பிள்ளைகளுடன் நியூயோர்க்கில் குடியேறினார். யாருக்கு விற்கிறோமோ அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அருகில் இருந்து பார்க்க விரும்பினார்.

1979 ஜூலை 1ஆம் திகதி வோக்மன் வந்தது. நீண்ட விமானப் பயணங்களில் இசை கேட்கச் சிறிய பெட்டி ஒன்று வேண்டுமென்று இபுகா கேட்டதில் தொடங்கிய வேலை அது. பதிவுசெய்ய முடியாத ரேப் ரெக்கோடரை யார் வாங்குவார்கள் என்று உள்ளே எதிர்ப்பு. முதல் 30,000 பெட்டிகள் விற்காவிட்டால் தலைவர் பதவியை விடுவதாக மொரிட்டா சொன்னார். முதல் மாதம் மந்தமாகப் போனது, அடுத்த மாதம் கடைகளில் தீர்ந்துவிட்டது. தனியே இசை கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து, இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகளை வைக்கச் சொன்னவரும் அவர்தான். அந்தக் கணிப்பு பிழைத்தது. சனம் தனியே கேட்கத்தான் அதை வாங்கியது. இதே எண்ணத்துக்கு முன்னரே காப்புரிமை கோரியிருந்த அன்றியாஸ் பாவெல் என்பவருடனான வழக்கு, மொரிட்டா இறந்த பின்னரே நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது.

வீடியோவில் அவர் தோற்றார். 1975இல் சோனி பீற்றாமக்ஸைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஜே.வி.சி. வி.எச்.எஸ். கொண்டுவந்தது. பீற்றாமக்ஸின் படம் தெளிவு என்று பலர் இன்றும் வாதாடுவார்கள். ஆனால் அதன் முதல் கசற்றில் ஒரு மணித்தியாலம்தான் பதியலாம், மற்றதில் இரண்டு. ஜே.வி.சி. தன் முறையைப் பல கொம்பனிகளுடன் பகிர்ந்தது. சோனியால் அவ்வளவு பேரைத் தன் பக்கம் சேர்க்க முடியவில்லை. 1988இல் சோனியே வி.எச்.எஸ். பெட்டி செய்தது.

ஆனால் அந்தத் தோல்விக்குள் ஒரு வெற்றியும் இருக்கிறது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வீட்டில் பதிவுசெய்வது திருட்டு என்று யுனிவர்சலும் டிஸ்னியும் 1976இல் வழக்குப் போட்டன. 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிந்து வைப்பது குற்றமல்ல என்றானது.

1982இல் பிலிப்ஸுடன் சேர்ந்து சீ.டி.யைக் கொண்டுவந்தார்கள். இசை இலக்கங்களாக மாறியது. கணினியிலும் சோனியின் கை இருந்தது. 1984இல் வந்த அப்பிளின் மக்கின்ரோஷ் கணினி, சோனி உருவாக்கிய மூன்றரை அங்குல டிஸ்கைத்தான் பயன்படுத்தியது. அப்பிளின் ஸ்ரீவ் ஜொப்ஸ், மொரிட்டாவைத் தேடிப்போய்ச் சந்தித்தவர். மொரிட்டா கொடுத்த வோக்மனைப் பிரித்து ஒவ்வொரு பாகமாகப் பார்த்தவர்.

பாட்டும் தன் கையில் இருந்தால் பெட்டியை யாரும் தோற்கடிக்க முடியாது என்று மொரிட்டா நம்பினார். 1988இல் சீ.பி.எஸ். இசைத்தட்டுக் கொம்பனியை 200 கோடி டொலருக்கும், 1989இல் கொலம்பியா சினிமாக் கொம்பனியை 340 கோடி டொலருக்கும் சோனி வாங்கியது. அந்தக் கணக்கும் பிழைத்தது. பாட்டை விற்கும் பிரிவு பிரதி எடுப்பதற்குப் பயந்தது. பெட்டி செய்யும் பிரிவுக்கோ பிரதி எடுக்க இலகுவான பெட்டி வேண்டும். ஒரே வீட்டுக்குள் சண்டை. அப்பிள் 2001இல் ஐபொட்டையும் 2003இல் ஐரியூன்ஸ் கடையையும் திறந்து ஒரு பாட்டை 99 சதத்துக்கு விற்றபோது, சோனியின் கருவிகள் எல்லோரும் பாவித்த எம்.பி.3 கோப்புகளை நேரடியாக ஏற்கவும் இல்லை. பிரதி எடுக்கும் உரிமைக்காக நீதிமன்றம் வரை போன கொம்பனி அது.

அதைப் பார்க்க மொரிட்டா இல்லை. 1993 நவம்பரில் ரெனிஸ் விளையாடிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்தது. அடுத்த ஆண்டு பதவி விலகினார். உலகம் முழுவதும் ஓடித் திரிந்து பேசிய மனிதர் கடைசி ஆண்டுகளைச் சக்கர நாற்காலியில் கழித்தார். 1997இல் இபுகா இறந்தார். 1999 ஒக்ரோபர் 3ஆம் திகதி மொரிட்டாவும் 78 வயதில் இறந்தார்.

இந்த வாழ்க்கையை வாசித்த பின்னர் எனக்கு யப்பான் கதையில் கோபம் இல்லை. அது அரைவாசியாகச் சொல்லப்படுகிறது என்பதுதான் என் வருத்தம். எங்கள் ஊரில் மிளகாய்த்தூள் இடிக்கும் பெண்களும் பனையோலைப் பெட்டி இழைக்கும் பெண்களும் இருக்கிறார்கள். கணவனைப் போரில் இழந்தவர்கள், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள். பொதியில் வேறு யாருடைய பெயரோ ஒட்டப்பட்டுத்தான் அவர்களுடைய தூள் கொழும்புக் கடைகளுக்குப் போகிறது. அவர்களுக்கும் புலோவா வந்தது. அவர்கள் மறுக்கவில்லை. நுண்கடன் தவணை வெள்ளிக்கிழமை கட்ட வேண்டும்.

மொரிட்டா மறுத்ததில் துணிவு இருந்தது. மறுத்த பின்னர் ஒரு வருடம் தாக்குப்பிடிக்க வழியும் இருந்தது. தகப்பனாரின் கடன், உரிமத்துக்கு அனுமதி கொடுத்த அரசு, திறந்திருந்த சந்தை, பறிபோகாத நிலம், இவையெல்லாம் சேர்ந்துதான் அந்தத் துணிவைத் தாங்கின. உழைப்பு எங்களிடம் எப்போதும் இருக்கிறது. கை களைக்கும்வரை பெடல் சுற்றிப் பாட்டுக் கேட்ட சனம் நாங்கள்.

அடுத்த கூட்டத்தில் யாராவது யப்பானைப் பற்றிச் சொன்னால், இந்த முறை நான் கை உயர்த்துவதாக இருக்கிறேன். அந்தப் பெண்களின் பொதியில் அவர்களுடைய பெயரைப் போட்டு விற்பதற்கு, முதல் ஒரு வருடம் தாக்குப்பிடிக்க வட்டியில்லாத பணம் யார் தருவீர்கள் என்று கேட்பேன்.