நாக்கு திக்கியது, நடை திக்கவில்லை

மாணவர், மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்



நம்ம கோயமுத்தூரிலிருந்து வாளையாறு தாண்டினால் பாலக்காடு. வெள்ளைக்காரன் காலத்தில் அந்த ஊர் விக்டோரியா கல்லூரியில் ஒரு மாணவர் படித்தார். பேச வாயைத் திறந்தால் சொல் பாதியில் நின்றுவிடும். அவர்தான் 1957-இல் கேரளத்தின் முதல் முதலமைச்சர் ஆனார். ஆன பிறகும் அவருக்குத் திக்கு போகவில்லை! இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் என்றால் நம்ம தாத்தா காலத்து ஆட்களுக்கு உடனே தெரியும். அவர் அரசியலை ஏற்பவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. நான் எழுத வந்தது அவருடைய திக்கைப் பற்றி. ஏனென்றால் நானும் திக்குபவன்தான்.

இ.எம்.எஸ். 1909 ஜூன் 13-இல் பெரிந்தல்மண்ணை பக்கம் ஏலங்குளம் என்ற ஊரில், நிலபுலன் நிறைய உள்ள நம்பூதிரி குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தகப்பனார் இறந்துவிட்டார். முதல் படிப்பு வீட்டிலேயே வேதமும் சமஸ்கிருதமும். பள்ளிக்கூடம் போனது அதற்குப் பிறகுதான். மந்திரத்தை ராகமாகச் சொல்லும்போதும், பலரோடு சேர்ந்து சொல்லும்போதும் பெரும்பாலும் யாருக்கும் திக்காது. ஆராய்ச்சியாளர்கள் சொல்வது இது. எங்க ஊர் மாரியம்மன் கோயில் பஜனையில் நானே அனுபவித்ததும் இதுதான். தனியாக, ஒருத்தர் முகத்தைப் பார்த்துப் பேசும்போதுதான் வினை!

பாலக்காட்டுக்குப் பிறகு திருச்சூர் செயின்ட் தாமஸ் கல்லூரி. தன் சாதிக்குள்ளேயே இருந்த பழைய வழக்கங்களை எதிர்த்த சீர்திருத்த இயக்கத்தில் சேர்ந்து எழுதினார், பேசினார். 1932-இல் சட்டமறுப்பு இயக்கத்துக்காகப் படிப்பை விட்டு ஜெயிலுக்குப் போனார். அப்போது மலபார் நம்ம சென்னை மாகாணத்தில் இருந்தது. 1939-இல் சென்னை சட்டசபைக்கு உறுப்பினராக வந்தார். மலபார் குத்தகைதாரர் நிலைமையை ஆராய்ந்த குழுவில் இருந்து, மற்றவர்கள் முடிவோடு ஒத்துப்போகாமல் தனிக் குறிப்பு எழுதினார். பேச்சு தடுமாறுகிற ஒருவர், நாலு பேர் கருத்துக்கு மாறாக நிற்பது லேசான காரியமா?

இங்கே கொஞ்சம் நிறுத்தி என் கதையைச் சொல்கிறேன். எங்க அப்பாவும் அம்மாவும் தொண்டாமுத்தூர் பக்கம் வெங்காயக் காட்டுக்குக் கூலிக்குப் போறவங்க. வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல் ஆள். ஒரு வைவாவில் மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுன்ட் என்ன என்று கேட்டார்கள். 0.01 மில்லிமீட்டர். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் பாயின்ட் என்ற சொல்லின் முதல் எழுத்தே வரவில்லை. கண்ணை இறுக மூடினேன், வலது காலைத் தரையில் தட்டினேன், அப்புறம் தெரியாது சார் என்று சொல்லிவிட்டேன். தெரியாது என்ற சொல் மட்டும் திக்காமல் வந்தது! மார்க் போனது. கேட்டவர் மேல் தப்பில்லை, அவருக்கு என் வாய்க்குள் நடந்தது எப்படித் தெரியும்?

பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். சொல் அடைத்துக்கொள்வது ஒன்று. அதிலிருந்து தப்பிக்க நாமாகப் பழகிக்கொள்வது இன்னொன்று. இதைத் துணைப் பழக்கம் என்று சொல்லலாம். அதில் இரண்டு வகை. சொல் சிக்கிய பிறகு கண் சிமிட்டுவது, தலையை வெட்டுவது, தொடையைத் தட்டுவது ஒரு வகை. சிக்குமுன்பே வேறு சொல்லுக்கு மாறுவது, அது வந்து அது வந்து என்று இழுப்பது, தெரிந்ததையே தெரியாது என்பது இன்னொரு வகை. என்றோ ஒருநாள் கால் தட்டியபோது தற்செயலாகச் சொல் வெளியே வந்திருக்கும். அதை நம்பியே கால் பழகிவிடும். நாளாக ஆக அதுவும் பலன் தராது, பழக்கம் மட்டும் மிஞ்சும். முதல் வகையைப் பிறர் பார்க்கலாம். இரண்டாவது வகையை நம்மைத் தவிர யாராலும் எண்ண முடியாது. அதனால் கணக்கு எடுக்க வேண்டியவர் நாமேதான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு இ.எம்.எஸ். வாழ்க்கையை மறுபடி படித்தேன். 1957-இல் 126 இடங்களில் அவர் கட்சிக்கு 60 கிடைத்தது. சுயேச்சைகள் ஆதரவோடு ஏப்ரல் 5-இல் பதவியேற்றார். குத்தகைதாரரை நிலத்தைவிட்டு வெளியேற்றத் தடை விதித்து ஒரே வாரத்துக்குள் அவசரச் சட்டம் வந்தது. 1959 ஜூலை 31-இல் அந்த ஆட்சி கலைக்கப்பட்டது. 1967-இல் மறுபடி முதல்வரானார். இத்தனை வருஷமும் சட்டசபையிலும் கூட்டத்திலும் நிருபர்கள் முன்னும் திக்கித் திக்கியே பேசினார். எப்பவுமே திக்குமா என்று ஒருத்தர் கேட்டதற்கு, பேசும்போது மட்டும்தான் என்று சிரித்தபடி பதில் சொன்னாராம்! கேரளத்தில் இன்றும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். திக்கை ஒளிக்க நினைப்பவருக்கு இந்தப் பதில் வருமா? 1998 மார்ச் 19-இல் மறைந்தார். அவர் எழுத்துகள் 100 தொகுதிகளாக வெளிவந்திருக்கின்றன.

கிரேக்க நாட்டு டெமஸ்தனிஸ் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாயில் கூழாங்கல் போட்டுப் பேசியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பேசும்போது தோள் துள்ளும் பழக்கம் போக, தோளுக்கு மேலே கத்தியைத் தொங்கவிட்டதாகவும், பெரிய கண்ணாடி முன் நின்று பேசிப் பழகியதாகவும் பழைய நூல்களில் இருக்கிறது. கூழாங்கல்லும் கத்தியும் நமக்கு வேண்டாம் சாமி! கண்ணாடி மட்டும் போதும்.

நான் இப்போது ஒரு பாக்கெட் நோட்டு வைத்திருக்கிறேன். எந்தச் சொல்லில் சிக்கினேன், கண்ணை மூடினேனா, காலைத் தட்டினேனா, சொல்லை மாற்றினேனா என்று ராத்திரி எழுதுவேன். முதல் நாளே பக்கம் நிறைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. ஆனால் தட்டும்போதே கால் தட்டுகிறது என்று தெரிய ஆரம்பித்த பிறகு, அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. திக்கு அப்படியேதான் இருக்கிறது. அதைத் தனியாகச் சமாளிக்க முடியாதவர்கள் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரிக்கலாம். மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும் இருக்கிறது.

நண்பர்களே, வெர்னியரில் ஜீரோ எர்ரர் இருந்தால் கருவியைத் தூக்கி எறிகிறோமா? எர்ரர் இல்லாதது போல நடிக்கிறோமா? முதலில் குறித்துக்கொள்கிறோம், அப்புறம்தான் அளக்கிறோம். திக்குபவர்களும் அப்படிச் செய்வோம். திக்காத நண்பர்களுக்கு ஒரே வேண்டுகோள்: எங்களுக்குப் பதிலாக நீங்கள் சொல்லை முடிக்காதீர்கள், இரண்டு நிமிஷம் பொறுங்கள்.

அடுத்த வைவாவில் பாயின்ட் என்று சொல்ல ஐந்து நிமிஷம் ஆனாலும் ஆகட்டும். தெரியாது என்று மட்டும் இனி சொல்லமாட்டேன்!