சந்தைக்குப் போகும் பெண்களும் அம்ரிதா ஷேர்கில்லும்

கொடைரோட்டுப் பக்கமிருந்து மல்லிகை மூட்டையுடன் நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் புறப்படும் பெண்களைக் காணும்போதெல்லாம், ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்’ என்ற ஓவியம் நம் நினைவுக்கு வருகிறது. 1937இல் அதைத் தீட்டியவர் அம்ரிதா ஷேர்கில். ரவிவர்மாவின் அச்சுப்படங்கள் நகை பூட்டிய வெளிர்நிறத் தேவியரை வீடுதோறும் மாட்டியிருந்த காலத்தில், கரிய மேனியை வெளுக்காமல் அதன் கருமையிலேயே கம்பீரத்தைக் கண்ட படம் அது.

அம்ரிதா 1913இல் புடாபெஸ்டில் பிறந்தார். தந்தை பஞ்சாபின் மஜீதியா நிலவுடைமைக் குடும்பத்தினர், தாய் ஹங்கேரியர். பாரிசில் பயின்று, அங்கேயே 1933இல் தங்கப் பதக்கமும் பெற்றார். 1934இல் இந்தியா திரும்பினார். மறு ஆண்டு சிம்லா ஓவியச் சங்கம் அவருடைய படங்களில் சிலவற்றை ஒதுக்கிவிட்டு வேறொன்றுக்குப் பரிசளித்தபோது, அதைத் திருப்பி அனுப்பினார். ‘மலைவாழ் பெண்கள்’, ‘குழந்தை மணமகள்’ ஆகிய படங்களில் பெண்கள் சிரிப்பதில்லை. பார்ப்பவரை மகிழ்விக்கும் கடமை அவர்களுக்கு இல்லை. அவர் ஓவியத்தின் பெண்ணியம் இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து.

1936 இறுதியில் அஜந்தாவைக் கண்டு, தெற்கே கன்னியாகுமரி வரை வந்தார். திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியாகி அப்போது மூன்று மாதம்கூட ஆகியிராது. சிம்லா திரும்பியபின் மூன்று பெரிய படங்கள் தீட்டினார். ‘மணமகள் ஒப்பனை’யில் வெளிர்நிற மணமகளைச் சுற்றிக் கருநிறப் பெண்கள். ‘பிரம்மச்சாரிகள்’ படத்தில் பூணூல் அணிந்த இளைஞர்கள். மூன்றாவது, சந்தைக்குச் செல்வோர். கோயிலுக்குள் இருப்போரையும் சந்தைக்கு நடப்போரையும் ஒரே பரிவுடன் வரைந்தார். இருவருக்கும் இடையே கிடந்த தீட்டு மட்டும் அவர் தூரிகையில் ஏறவில்லை. மேட்டுக்குடிக் கண்ணுக்கு வண்ணம் தெரிந்த அளவு வேலி தெரியவில்லை.

1941 டிசம்பர் 5 அன்று லாகூரில் இறந்தபோது அவருக்கு வயது 28. இன்று அவர் படைப்புகள் தேசியக் கலைச்செல்வங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பதற்காக அவற்றை நாட்டை விட்டு எடுத்துச் செல்ல முடியாது. பெண்கள் கூடியிருக்கும் ‘கதைசொல்லி’ என்ற படம் 2023இல் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. ஓர் இந்திய ஓவியம் ஏலத்தில் அதுவரை பெற்றிராத விலை அது. கதை சொன்னவளின் பெயர் தலைப்பில் இல்லை. சந்தைக்குப் போனவர்களும் வெறும் கிராமத்தார்தான்.