எண்ணும் யாழும்: விபுலாநந்த அடிகளார்

கணிதம் வயிற்றுப் பிழைப்புக்கு, சமயம் மன அமைதிக்கு, தமிழ் மேடைக்கு என்று அறிவைக் கூறுபோட்டுக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. சுவாமி விபுலாநந்தரின் வாழ்வு இவ்வழக்கத்தை மறுத்து நிற்கின்றது.

மட்டக்களப்பைச் சார்ந்த காரைதீவில் 1892 ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனனார், கொழும்பிலே விஞ்ஞானம் பயின்றார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவியை விடுத்து இராமகிருஷ்ண சங்கத்திற் சேர்ந்து, 1924 இல் துறவு பூண்டு விபுலாநந்தரானார். உலகைத் துறந்தவர் கணிதத்தைத் துறந்தாரல்லர்.

பழந்தமிழரின் யாழ் வழக்கொழிந்து போயிருந்தது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் அதன் இலக்கணம் இருந்தும், சொற்பொருள் மட்டும் அறிந்தோரால் அதனை ஒலிக்கச் செய்ய இயலவில்லை. அடிகளார் அங்கே எண்ணைத் துணைக்கொண்டார். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் இளி பிறக்கும். நான்கில் மூன்று பங்காக்கினால் உழை பிறக்கும். இவ்விகிதங்களை அடியாகக் கொண்டு பாலைகளையும் பண்களையும் கணித்தறிந்தார்.

கி.மு. 6 ஆம் நூற்றாண்டுக் கிரேக்க ஞானி பைதாகரஸின் மரபினரும் நரம்பின் ஒலியில் இவ்விகிதங்களையே கண்டனர். கண்டு, உலகனைத்திற்கும் அடிப்படை எண்ணே எனத் துணிந்தனர். அவர்க்குப் பின்வந்த பிளேட்டோ, மெய்ப்பொருளை நாடுவோர் எண்கணிதம், கேத்திரகணிதம், வானியல், இசையியல் ஆகியவற்றாற் சித்தத்தைப் பண்படுத்தல் வேண்டுமெனக் கொண்டார். மாறும் பொருள்களினின்று மாறாத உண்மைக்கு மனத்தை ஏற்றும் படியாகவே அவர்கள் கணிதத்தைப் போற்றினர். நம் அடிகளாரிடத்தும் அந்நோக்கே விளங்கக் காண்கின்றோம்.

1943 இல், அந்நாளிற் கொழும்பிலிருந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். ஏறத்தாழ 14 ஆண்டு உழைப்பின் பயனாகிய யாழ் நூல், 1947 ஜூன் மாதம் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அவர் கணித்தவாறு அமைத்த யாழ்கள் அங்கே இசைக்கப்பெற்றன. ஜூலை 19 ஆம் நாள் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். உடல்நலங் குன்றிய நிலையிலும் எடுத்த பணியை முடித்தே சென்றார்.

கணிதப் புத்தகத்தையும் தேவாரத்தையும் வெவ்வேறு அலுமாரிகளில் வைத்துப் பூட்டும் இளைஞர்காள்! அடிகளாரின் மேசையில் இரண்டும் அருகருகே கிடந்தன. ஒன்றைக் கற்பதற்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை. பயிலும் எதனையும் அடி வரை சென்று பயில்வோமாக. அதுவே அப்பெரியார்க்கு நாம் செய்யும் வழிபாடு.