நிக்கலாஸ் ஸ்டெனோ

நிக்கலாஸ் ஸ்டெனோ (ஜனவரி 11, 1638 – டிசம்பர் 5, 1686) டென்மார்க் நாட்டைச் சேர்ந்த உடற்கூற்றியலாளரும் நிலவியலின் முன்னோடிகளுள் ஒருவரும் ஆவார். பின்னாளில் கத்தோலிக்க ஆயராகவும் பணியாற்றினார். இவரது இயற்பெயர் நீல்ஸ் ஸ்டென்சன். ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாகச் சேகரித்துப் போற்றிய நாக்குக் கற்கள் உண்மையில் பழங்காலச் சுறாக்களின் பற்களே என்பதைக் காரணங்களுடன் விளக்கியமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். டென்மார்க்கில் அக்காலத்தில் யூலியன் நாட்காட்டி வழக்கில் இருந்தமையால் சில நூல்களில் இவரது பிறந்தநாள் ஜனவரி 1 எனக் காணப்படும்.

இளமையும் மருத்துவக் கல்வியும்

ஸ்டெனோ கோபன்ஹேகன் நகரில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். 1654–55இல் நகரைத் தாக்கிய கொள்ளைநோயில் இவரது பள்ளி மாணவர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்த்தோலின் என்பவரிடம் உடற்கூற்றியல் பயின்றார். 1660இல் ஆம்ஸ்டர்டாமில் ஆட்டுத் தலை ஒன்றை அறுத்து ஆராய்ந்தபோது, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியில் இருந்து வாய்க்குள் செல்லும் நாளத்தைக் கண்டறிந்தார். அது இன்றும் ஸ்டென்சன் நாளம் என்றே அழைக்கப்படுகிறது. இதயம் ஒரு தசையே என்பதையும் இவர் எடுத்துக்காட்டினார். முன்னோர் நூல்கள் கூறுவதை அப்படியே ஏற்காமல் கத்தியால் அறுத்துக் கண்ணால் பார்த்த பின்னரே முடிவு கூறும் வழக்கம் இவருக்கு இருந்தது. இவ்வழக்கமே பிற்காலத்தில் கற்களைப் பற்றிய ஆய்விலும் இவருக்குத் துணை நின்றது.

நாக்குக் கற்கள்

நாக்குக் கற்கள் என்பவை முக்கோண வடிவமும் கூரிய விளிம்பும் கொண்ட, பளபளப்பான கற்களாகும். மால்ட்டாத் தீவின் சுண்ணாம்புப் பாறைகளில் இவை மிகுதியாகக் கிடைத்தன. புனித பவுல் அத்தீவில் கரை ஒதுங்கியபோது ஒரு பாம்பு அவரைத் தீண்டியது என்றும், அவர் சபித்ததால் தீவில் உள்ள பாம்புகளின் நாக்குகள் கல்லாயின என்றும் மக்கள் நம்பினர். சந்திர கிரகணத்தின்போது வானில் இருந்து விழுபவை என்று பழைய உரோம நூலாசிரியரான பிளினி எழுதி வைத்திருந்தார். பாறைக்குள் தாமாகவே வளர்பவை என்று கருதியோரும் உண்டு.

இக்கற்களுக்கு நஞ்சு முறிக்கும் ஆற்றல் உண்டு என்ற நம்பிக்கையால் அவற்றின் மதிப்பு உயர்ந்தது. உணவில் நஞ்சு கலக்கப்படும் என்ற அச்சத்திலேயே வாழ்ந்த பிரபுக்கள் இவற்றை வெள்ளியில் பதித்து அணிந்தனர், மதுவில் தோய்த்தனர். மரம் போன்ற ஒரு தாங்கியில் இக்கற்களைத் தொங்கவிட்டு விருந்து மேசையில் வைப்பதும் உண்டு. அத்தகைய தாங்கி ஒன்று வியன்னா நகரில் உள்ள தியூத்தானிய ஒழுங்கின் கருவூலத்தில் பாதுகாக்கப்படுகிறது.

சுறாவின் தலை

1666இல் ஸ்டெனோ இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குச் சென்று, இரண்டாம் பெர்டினாண்டோ தெ மெடிச்சி கோமகனின் ஆதரவைப் பெற்றார். அவ்வாண்டு அக்டோபரில் லிவோர்னோ துறைமுகத்தை ஒட்டிய கடலில் ஒரு பெரிய சுறா பிடிபட்டது. அதன் தலையை ஆராயுமாறு கோமகன் ஸ்டெனோவிடம் ஒப்படைத்தார். வாயில் வரிசை வரிசையாக இருந்த பற்களைக் கண்ட ஸ்டெனோ, நாக்குக் கற்களுடன் அவை ஒத்திருப்பதை உணர்ந்தார்.

இவ்வொற்றுமையைக் கண்டவர்களுள் ஸ்டெனோ முதல்வர் அல்லர். இத்தாலியரான பாபியோ கொலோன்னா 1616இலேயே இக்கற்கள் சுறாப் பற்கள் என எழுதியிருந்தார். ஸ்டெனோவின் நூலில் உள்ள புகழ்பெற்ற சுறாத் தலைப் படமும் முந்தைய நூற்றாண்டில் மிக்கேலே மெர்காத்தி செய்வித்த செப்புத் தகட்டில் இருந்து எடுக்கப்பட்டதே. இவரது தனிச்சிறப்பு வாதத்தில் உள்ளது. பற்கள் பாறைக்குள் வளர்ந்திருந்தால், பிளவுகளில் நுழையும் மரவேர் போலத் தாமும் நெளிந்து, பாறையையும் பிளந்திருக்க வேண்டும். அவ்வாறான தடயம் எதுவும் இல்லை. எனவே பற்கள் முன்னரே இருந்தன. அவற்றைச் சூழ்ந்த சேறு பின்னர் கல்லாக இறுகியது. அப்படியாயின் அவை கிடைக்கும் நிலம் ஒருகாலத்தில் நீருக்கு அடியில் இருந்திருக்க வேண்டும். 1667இல் வெளியான நூலில் இதனை ஓர் ஊகம் என்ற அளவிலேயே அடக்கமாக முன்வைத்தார். ஏறத்தாழ இதே காலத்தில் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக்கும் தொல்லுயிர் எச்சங்களைப் பற்றி இதையொத்த கருத்தைக் கொண்டிருந்தார்.

மால்ட்டாவில் கிடைத்த மிகப்பெரிய நாக்குக் கற்கள், இன்று மெகலோடான் என்று அழைக்கப்படும் மாபெரும் சுறாவினுடையவை. இவ்வினம் சுமார் 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அழிந்தது. சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனதால் பெரும்பாலும் மக்கிவிடும். பற்களோ கடினமானவை, வாழ்நாள் முழுவதும் விழுந்து முளைப்பவை. ஆகவேதான் சேகரிப்போர் கையில் பற்களே மிகுதியாகச் சிக்குகின்றன.

பாறை அடுக்குகள்

1669இல் வெளியான, சுருக்கமாகப் புரோட்ரோமஸ் எனப்படும் நூலில் ஸ்டெனோ தன் கருத்தை விரிவுபடுத்தினார். குலையாத அடுக்குகளில் கீழுள்ளது மேலுள்ளதை விடப் பழையது, அடுக்குகள் படியும்போது கிடையாகவே படிகின்றன என்னும் நிலவியலின் அடிப்படை விதிகள் இந்நூலில் உள்ளன. புரோட்ரோமஸ் என்றால் முன்னுரை என்று பொருள். அதனைத் தொடர்ந்து வரவேண்டிய பெருநூலை அவர் எழுதவே இல்லை.

துறவு வாழ்க்கை

லூத்தரனாக வளர்ந்த ஸ்டெனோ 1667இல் கத்தோலிக்கரானார். 1675இல் குருவாகவும் 1677இல் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டு, வட ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். ஹனோவரில் இவரைச் சந்தித்த தத்துவவியலாளர் லைப்னிட்ஸ், இவர் அறிவியலைக் கைவிட்டதை எண்ணி வருந்தினார். ஏழைகளுக்கு உதவுவதற்காகத் தன் ஆயர் மோதிரத்தையும் விற்ற ஸ்டெனோ, கடும் நோன்புகளால் உடல் நலிந்து, ஸ்வெரின் நகரில் தனது 48ஆம் வயதில் இறந்தார். உடல் புளோரன்சுக்குக் கொண்டு செல்லப்பட்டு சான் லோரன்சோ தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1988 அக்டோபர் 23 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார்.