வாயிலில் நின்ற மருத்துவர்: முத்துலட்சுமி அம்மையார் வாழ்வு

பொருநை பிறக்கும் பொதிகையைத் தமிழ் மரபு இருவகையாற் போற்றும். தமிழ் முனிவன் அகத்தியன் உறைந்த மலை என்பது ஒன்று. மூலிகை செறிந்த மருந்துமலை என்பது மற்றொன்று. இலக்கணம் கண்டவனே மருத்துவ நூலும் கண்டான் என்று நம்பிய நிலம் நம் நெல்லைச் சீமை. ஆதலின், பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் மலரில் ஒரு மருத்துவரின் வாழ்வைப் பேசுவதற்குத் தனியே காரணம் கூற வேண்டியதில்லை.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்காக வகுத்தார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்பன அவை. இந்நான்கும் ஓரிடத்தில் கூடினால் நோய்க்கு வழி பிறக்கும். ஆனால் ஒரு நோய்க்கெனக் கட்டிலோ கருவியோ பயின்ற மருத்துவரோ நாட்டில் இல்லாதபோது இந்நான்கையும் யார் கூட்டுவது? ஆள்வோர் வாயிலில் நின்று, நோயுற்றோர் சார்பிற் கேட்கும் ஐந்தாமவர் ஒருவர் அங்கே தேவைப்படுகிறார். தீர்ப்பவராகவும், பேணுபவராகவும், கேட்பவராகவும் ஒருங்கே வாழ்ந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித்துறையைச் சார்ந்தவர். தாயார் சந்திரம்மாள் இசைமரபில் வந்தவர். பெண்பிள்ளைகள் பருவமெய்தியதும் பள்ளியை விட்டு நின்றுவிடும் அக்காலத்தில், முத்துலட்சுமி வீட்டிலிருந்தே பயின்று தேர்வெழுதித் தேறினார். பின்னர் ஆடவர் பயிலும் மகாராசா கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இசைவளித்தார். அரசின் வாயிலில் அம்மையார் வாழ்வு பெற்ற முதல் வெற்றி இதுவெனலாம்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றலாகாது என்னும் உடன்பாட்டின் மேல் அமைந்த மணம் அது. மகப்பேறும் மகளிர் மருத்துவமும் அவர்தம் துறையாயின. நல்ல வருவாயும் நற்பெயரும் உடைய மருத்துவராகவே அவர் வாழ்வு நிறைவுற்றிருக்கக் கூடும்.

அவ்வாறு நிறைவுறாமைக்கு ஒரு சாவு காரணமாயிற்று. 1920களின் தொடக்கத்தில் அவர்தம் தங்கை புற்றுநோயால் இறந்தார். உடன்பிறந்தாள் கண்முன்னே தேய்வதைக் கண்டவர் மருத்துவம் கற்றவர். கற்ற மருத்துவம் முழுதும் கையிலிருந்தும், அந்நோய்க்கென ஒரு மருத்துவமனை தென்னாட்டில் இல்லை என்னும் உண்மை அவர்முன் நின்றது. நோயுற்றாரின் உறவு, நோயறிந்த மருத்துவர் என்னும் இரு நிலைகளும் ஒருவரிடமே கூடிய இடம் இது. பின்வந்த முப்பதாண்டு உழைப்பின் வேரும் இதுவே.

1925இல் மேற்பயிற்சிக்காக இலண்டன் சென்றார். மகளிர், குழந்தை மருத்துவம் பயிலச் சென்றவர், ஆங்குள்ள அரச புற்றுநோய் மருத்துவமனையையும் கண்டார். புற்றுக்கெனத் தனி மனை அமைத்து, அறுவையும் கதிர்மருத்துவமும் ஆய்வும் ஒரு கூரையின்கீழ் நிகழ்வதைக் கண்டபின், சென்னையிலும் அத்தகையதொன்று வேண்டும் என்னும் எண்ணம் உறுதிப்பட்டது.

தாயகம் திரும்பியவரை மகளிர் அமைப்பினர் சட்டமன்றத்திற்குரியவராக முன்மொழிந்தனர். சென்னைச் சட்டமன்றத்தின் முதற்பெண் உறுப்பினராக நியமிக்கப் பெற்று, அவையின் துணைத்தலைவராகவும் ஒருமனதாகத் தேர்வு பெற்றார். கோயிற்பணியில் சிறுமியரைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் அங்கே தொடுத்த போர் யாவரும் அறிந்தது. 1927இல் எழுந்த அம்முயற்சி 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் முழுமை பெற்றது. இடைப்பட்டவை இருபது ஆண்டுகள். ஒருமுறை கேட்டு மறுக்கப்பட்டதும் வாளா இருந்துவிடாமல், மறுமொழி வரும் வரை கேட்டுக்கொண்டேயிருப்பது அவர் இயல்பு.

1930இல் காந்தியடிகள் சிறைப்படுத்தப் பெற்றபோது, அதனைக் கண்டித்து அம்மையார் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். அடைக்கலம் தேடித் தம் இல்லம் வந்த பெண்களுக்காக ஔவை இல்லம் கண்டதும் அக்காலத்திலேயே. அப்பெயர் ஈண்டுக் கருதத்தக்கது. அதியமான் பொருட்டுத் தொண்டைமான் அவைக்குத் தூது சென்றவர் சங்க கால ஔவை. தனக்கென எதுவும் கேளாது பிறர்பொருட்டு அரசவை ஏறிய பெண்பாற் புலவரின் பெயரைத் தம் இல்லத்திற்குச் சூட்டியவர், தாமும் அத்தகைய தூதராகவே இறுதிவரை இயங்கினார்.

பதவி துறந்தபின் அவையில் எழுந்து பேசும் உரிமை இல்லை. இனி வெளியில் நின்றுதான் கேட்க வேண்டும். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நிகழ்ந்தது. அக்கல்லூரியின் பழைய மாணவியாக மேடையேறிய அம்மையார், புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பொதுமக்கள் அறியக் கேட்டார். தங்கை இறந்து ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. கேட்டவர் பலர், கொடுக்க முன்வந்தவர் சிலர். பின்னர் உலகப்போர் வந்தது. கோரிக்கை கிடப்பிற் கிடந்தது.

விடுதலைக்குப் பின் 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்று திரட்டப்பட்டது. அறுபது வயதைக் கடந்த அம்மையார் மீண்டும் வாயில்தோறும் நடந்தார். அரசின்பால் அவர் சந்தித்த மறுப்புகள் பலவகைப்பட்டன. பொது மருத்துவமனை இருக்கத் தனிமனை எதற்கு என்பது ஒன்று; எளிய நாட்டிற்கு இத்துணைச் செலவு தகுமோ என்பது மற்றொன்று. புற்று வந்தவர் எப்படியும் இறக்கத்தானே போகிறார், அவருக்கு மருத்துவமனை எதற்கு என்று அமைச்சர் ஒருவரே வினவியதைப் பிற்காலத்தில் டாக்டர் வி. சாந்தா நினைவுகூர்ந்ததுண்டு. இம்மறுப்புகளுக்கெல்லாம் அம்மையார் தந்த விடை ஒன்றே: காலத்தே கண்டறிந்தால் தீரும் நோய் இது, காலத்தே கண்டறியத் தனி இடமும் தனிப்பயிற்சியும் வேண்டும்.

தம் மகன் டாக்டர் கிருட்டிணமூர்த்தியையும் இத்துறைக்கே ஆற்றுப்படுத்தினார். 1952ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தலைமை அமைச்சர் சவகர்லால் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18ஆம் நாள் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிறுவனம் திறக்கப்பெற்றது. மறு ஆண்டு டாக்டர் சாந்தா, தமக்குக் கிடைத்த அரசுப் பணியை விடுத்து இச்சிறுமனையில் வந்து சேர்ந்தார். 1960இல் குழந்தைகளுக்கெனத் தனிப் புற்றுநோய்ப் பிரிவு அமைந்தது. 1956இல் பத்ம பூசண் விருது பெற்ற அம்மையார், 1968 சூலை 22ஆம் நாள் மறைந்தார். அன்று 12 படுக்கைகளோடு தொடங்கிய மனை, பின்னர் 500க்கும் மேற்பட்ட படுக்கைகள் உடையதாக வளர்ந்தது.

அம்மையாரின் கேட்கும் மரபு அவரோடு முடியவில்லை. கிருட்டிணமூர்த்தியும் சாந்தாவும் அதனைத் தொடர்ந்தனர். கேட்பதற்குக் கணக்கு வேண்டும் என்பதையும் அவர்கள் உணர்ந்தனர். எத்தனை பேருக்கு எவ்வகைப் புற்று, எவ்வூரில், எவ்வயதில் என்று தெரியாமல் அரசிடம் எதைக் கேட்பது? 1981இல் சென்னை நகருக்கும், 2012 முதல் தமிழகம் முழுமைக்கும் அந்நிறுவனத்தின் வழியாகப் புற்றுநோய்ப் பதிவேடு உருவாயிற்று. நம் பொருநைக் கரை ஊர்களும் அவ்வேட்டில் இடம்பெற்றுள்ளன.

இத்தகைய வாயில் நிற்றல் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மேரி லாசுக்கர் என்னும் அம்மையார், மருத்துவர் அல்லர். எனினும் ஆண்டுக்கணக்கில் சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்தித்தும், நாளிதழ்களில் விளம்பரம் செய்வித்தும், புற்றுநோய் ஆய்வுக்கு அரசுப்பொருளை மிகுதியும் பெற்றுத் தந்தார். 1971 திசம்பரில் அங்கே தேசியப் புற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியதில் அவர் பங்கு பெரிது. செல்வமும் விளம்பரமும் அவருக்குத் துணைநின்றன. முத்துலட்சுமி அம்மையாருக்குத் துணைநின்றவர் மாதர் சங்கத்துப் பெண்களே.

இன்று இவ்வரலாற்றை நாம் படிக்க வேண்டியதன் தேவை யாது? மார்பகம், கருப்பை வாய், வாய் ஆகியவற்றில் தோன்றும் புற்றுகளைப் பற்றி ஓரளவேனும் பேச்சு எழுந்துவிட்டது. அரிய புற்றுகள் என ஒரு தொகுதி உண்டு. ஓராண்டில் ஒரு இலட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாகவே புதிதாகத் தோன்றுபவற்றை ஐரோப்பிய ஆய்வாளர் அவ்வாறு வகுத்தனர். குழந்தைகளுக்கு வரும் புற்றுகள் பெரும்பாலும் இத்தொகுதியைச் சார்ந்தவை. தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் அரிது. ஒருங்கே கூட்டிப் பார்த்தால், அங்கே புற்றுற்றோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இவற்றுள் ஏதேனும் ஒன்றால் வருந்துபவர் எனக் கண்டனர். நோயாளர் சிலராக இருப்பதால் மருந்தாக்குவோருக்கு வருவாய் குறைவு. ஆய்வுக்குப் பொருளும் குறைவு. அவைகளில் எழுந்து கேட்கும் குரலும் குறைவு. 1920களில் புற்றுநோய் முழுமையும் எந்நிலையில் இருந்ததோ, அந்நிலையிலேயே இவ்வரிய நோய்கள் இன்றும் நிற்கின்றன. இவற்றுக்கும் ஐந்தாமவர் தேவை.

நம் மொழியில் இந்நோயின் பெயரே பாம்புறையும் புற்றை நினைவூட்டுவது. அப்பெயரை வாயாற் சொல்லவும் நம் மக்கள் அஞ்சுவர். அந்த நோய், கட்டி, ஆகாத வியாதி என்று சுற்றிச்சுற்றிச் சொல்வதே வழக்கு. முக்கூடலிலும் கடையத்திலும் ஆலங்குளத்திலும் நாள்முழுதும் குனிந்திருந்து பீடி சுற்றும் பெண்கள், தம் உடம்பிற் கண்ட மாற்றத்தைப் பிள்ளைகளிடமும் சொல்லாது மறைப்பதை இவ்வட்டாரத்தார் அறிவர். மறைத்தது மறைக்க முடியாமற் போனபின், மருத்துவச் சீட்டுகளை மஞ்சட் பையிலிட்டு, இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் வண்டியேறிச் சென்னை செல்லும் குடும்பங்கள் எத்தனையோ. அடையாற்றில் அவர்கள் இறங்கி நிற்கும் மனை ஒருவர் மூன்று பதிற்றாண்டுகள் கேட்டதனால் எழுந்தது என்பது அவர்களுட் பலருக்குத் தெரியாது. மகப்பேற்று நிதியுதவித் திட்டத்திற்கு அரசு அம்மையார் பெயரைச் சூட்டியிருப்பதால், அப்பெயர் சிற்றூர்ச் செவிலியர் நாவிலும் கருவுற்ற பெண்கள் நாவிலும் வழங்குகிறது. பெயர் வழங்கும் அளவிற்கு வரலாறு வழங்கவில்லை.

இரத்தல் இழிவென்று நம் நூல்கள் கூறும். அதே நூல்கள், பிறர்பசி தீர்க்க வள்ளல் வாயில் காட்டிய ஆற்றுப்படைப் பாணனையும் பொருநனையும் பாட்டுடைப் பெருமக்களாக வைத்துப் போற்றும். தமக்கெனக் கேட்பதும் பிறர்க்கெனக் கேட்பதும் வேறு வேறு என்பதைத் தமிழ் நன்கறியும். அம்மையார் கேட்டதெல்லாம் பிறர்க்கே. தங்கைக்குப் பயன்படாத மருத்துவமனையைத்தான் அவர் கட்டினார்.

நம் வட்டத்துக் கவிஞர் பெருமக்கள் மழையை, ஆற்றை, மொழியைப் பாடிய பத்தாண்டுகள் இவை. மறைத்து வைக்கப்பட்ட நோயின் பெயரை அச்சமின்றிச் சொல்லும் பாடலும், மருத்துவமனை வாயிலில் சீட்டோடு காத்திருக்கும் தாயின் பாடலும் அடுத்த பத்தாண்டுகளில் நம்மிடையே எழ வேண்டும். கேட்பவர்க்குச் சொல் வேண்டும். அச்சொல்லை ஆக்கித் தருவது நம் தொழில். சூலை 30ஆம் நாளைத் தமிழக அரசு மருத்துவமனை நாள் என 2019இல் அறிவித்தது. அந்நாளில் நம் வட்டமும் ஆண்டுதோறும் ஓர் அரங்கம் கூட்டி, நோயுற்றோரையும் உடனிருந்து பேணுவோரையும் அழைத்து அவர்தம் சொற்களைக் கேட்குமாயின், அம்மையார் நினைவிற்கு அது தக்க சிறப்பாகும்.